'வளைந்த வாள்' என்று நான் எழுதியது

எண்பதுகளில் நான் ஒரு கத்திக்குக் காவல் இருந்தேன். பாரிஸுக்கு வெளியே, ரயிலேறிப் போகவேண்டிய ஓர் ஊரில், பழங்காலப் பொருள்களுக்கென்று இருந்த அருங்காட்சியகத்தில் எனக்குக் கார்தியேன் உத்தியோகம். கார்தியேன் என்றால் காவலாள்தான். அதையே பிரெஞ்சில் எழுதி அனுப்பினால் சொந்த ஊரான புதுச்சேரியில் கேட்பவர்களுக்குப் பெரிய அதிகாரி மாதிரித் தோன்றும். நானும் அதைத் திருத்தப் போனதில்லை. பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஐந்தாவது மாடியில் என் வீடு, லிஃப்ட் இல்லாத கட்டடம். காலையில் இறங்கினால் பகல் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

என் பொறுப்பில் இருந்த கூடத்தின் மூலையில்தான் அந்தக் கத்தி இருந்தது. துருவேறிய இரும்பு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. காக்கையின் அலகு போல முன்பக்கம் வளைந்திருக்கும். வாள்களுக்கு எல்லாம் வெளிப்பக்கம் கூர் என்றால் இதற்கு வளைவின் உள்பக்கம் கூர். மரப்பிடி எப்போதோ மக்கிப் போய்விட்டது. பக்கத்தில் மாட்டியிருந்த படத்தில், ஒருவன் நீண்ட பிடியை இரண்டு கையாலும் பற்றித் தலைக்கு மேலே ஓங்கி நிற்பான். தானுபே நதிக்கு வடக்கே வாழ்ந்த தாசியர்கள் என்ற மக்களின் ஆயுதம் அது. ரோமாபுரிப் படை அவர்கள் நாட்டுக்குள் நுழைந்தபோது இதைத் தூக்கிக்கொண்டுதான் எதிரே வந்தார்கள்.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சிப்பாய்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அவர் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதைப் பற்றிப் பேசினால் சோறு ஆறிப் போகும். நான் படையில் சேரவில்லை என்றாலும் அந்தக் கிறுக்கு மட்டும் எனக்கு அப்படியே வந்திருந்தது. அருங்காட்சியகத்துக்கு வரும் நிபுணர்களின் வாயைப் பார்த்து நின்றே அந்தக் கத்தியைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன். ரோமச் சிப்பாய் பெரிய கேடயத்துக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்பான். நேர்வாள் அந்தச் சுவரில் மோதி நின்றுவிடும். இந்த வளைந்த கத்தியோ கேடயத்தின் விளிம்பைத் தாண்டி மேலே இருந்து இறங்கும். இரண்டு கையின் பலமும் அலகு போன்ற அந்த ஒரே நுனிக்குப் போய்ச் சேரும். தலைக்கவசம் பிளக்கும், வாள் பிடித்த கை துண்டாகும். உலகத்தையே கட்டி ஆண்டவர்கள் இதற்குப் பயந்து தலைக்கவசத்தின் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டை அடித்துக்கொண்டார்கள், வலது கைக்குத் தனியாகக் கவசம் பூட்டிக்கொண்டார்கள் என்று நிபுணர்கள் சொன்னார்கள். பட்டை அடித்த கவசம் ஒன்றின் நகலும் அதே பெட்டியில் இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறு ஒரு காரணத்துக்காக. இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்தவனுக்குக் கேடயம் பிடிக்கக் கை ஏது? தன் உடம்பைக் காக்க ஒன்றுமே இல்லாமல், அந்த இரும்புச் சுவரை நோக்கி அவன் நடந்திருக்கிறான். கூடத்தில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அதை நினைத்து நினைத்து வியந்துபோய் உட்கார்ந்திருப்பேன். பார்வையாளர் யாராவது அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றால் போதும், கேட்காமலே போய்ச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். காவலாள் பேசக்கூடாது என்று மேலதிகாரி இரண்டு முறை கண்டித்தார்.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று பிற்பகல் நான் லா சப்பல் பகுதியில், ரூ பெர்தொனே தெருவில் இருந்த ஒரு தேநீர்க் கடைக்குப் போய்விடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய ஆண்கள் அங்கே காத்திருப்பார்கள். அகதி அலுவலகத்துக்கு ஒவ்வொருவரும் தன் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கேஸ் எழுதுவது என்று பெயர். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சும்மா உதவிதான். ஆனால் சும்மா இல்லை என்றும் சொல்லவேண்டும். கடைக்குள் நுழைந்ததும் நாலைந்து பேர் எழுந்து "அண்ணை, இஞ்சை இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போடுவதில் ஒரு சுகம் இருந்தது. எனக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும், இரண்டுக்கும் நடுவில் தப்பு எதுவும் நுழைய முடியாது என்று நினைத்திருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவருக்கு முப்பது வயது இருக்கும். பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்ற மெட்ரோ நிலையத்தின் பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சமாகப் பேசுவார், பேசும்போது மேசையைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்து ஆள், வன்னியில் காணி எடுத்துத் தம்பியோடு சேர்ந்து காடு வெட்டித் தோட்டம் செய்ய முயன்றவர். ஒரு காலையில் இராணுவம் வந்தது. தம்பியைச் சுட்டார்கள். இவர் பற்றைக்குள், அதாவது புதருக்குள், விழுந்து தப்பினார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். கேஸ் சரிவந்தால் அவர்களை இங்கே கூப்பிடலாம். சரிவராவிட்டால் இவரை விமானத்தில் ஏற்றுவார்கள். கொழும்பில் இறங்கியதும் அவரை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காலையைச் சொல்லும்போது அவர் சொன்ன வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"நானும் தம்பியும் காட்டுக்கத்தியாலை வெட்டிக்கொண்டு நிக்கேக்கை ஆமி வந்திட்டுது, அண்ணை."

காட்டுக்கத்தி என்றால் என்ன என்று கேட்டேன். கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். நீளமான மரப்பிடி, முனையில் வளைந்த இரும்பு, உள்பக்கம் கூர், இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கண்ணாடிப் பெட்டியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடமாகச் செத்துக் கிடக்கும் கத்தியை இந்த மனிதர் போன வருடம்வரை கையில் பிடித்திருக்கிறார். அந்த மயக்கத்தில் பேனா தானாக ஓடியது. 'நானும் என் தம்பியும், இரு கைகளாலும் ஏந்தும் பெரிய வளைந்த வாள்களால் வெட்டிக்கொண்டிருந்தபோது இராணுவம் வந்தது' என்று அழகான பிரெஞ்சில் எழுதினேன். எதை வெட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பற்றையைத்தான் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவேண்டும் என்று ஒரு விவசாயிக்குத் தோன்றுமா? வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து ரசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து ரெஜெ வந்தது. நிராகரிப்புக் கடிதத்துக்கு லா சப்பலில் அதுதான் பெயர், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பிரெஞ்சுச் சொல். படித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார். மனுதாரர் ஆயுதம் ஏந்தி மோதலில் ஈடுபட்டதைத் தானே ஒப்புக்கொள்கிறார், ஆகவே அவர் தம்பி இறந்தது சண்டையில் என்று கருதவேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கீழே என் வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். ஒரு எழுத்து மாறவில்லை.

அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. 'நம்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நான் தப்பித்திருக்கலாம்; கடையில் யாருக்கும் தெரிய வந்திருக்காது. அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருந்த வரியிலேயே என் விரல் நின்றுவிட்டதை அவர் பார்த்துவிட்டார். உள்ளதைச் சொன்னேன். உங்கள் காட்டுக்கத்தியை நான் வாள் என்று எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வாளோ? வாளை நாங்கள் கோயில்லை சூரன்போருக்குத்தானே கண்டனாங்கள், அண்ணை" என்றார்.

அதுவரை அவரைத் தம்பி என்று கூப்பிட்டு வந்த எனக்கு, அந்த நாளுக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

மேல்முறையீட்டுக்கு ரெக்கூர் என்பார்கள். ஒரு வக்கீலைப் பிடித்தோம். நடந்த தவறை விளக்கி நான் என் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கொடுத்தேன். விசாரணை நாளில் மழை. அருங்காட்சியகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, என் நீளக் குடையோடு அவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடையில் விசாரணைக் குழுவின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். மொழிபெயர்க்க அவர்களே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். சென்னைப் பெண், நல்ல பிரெஞ்சு. காட்டுக்கத்தி என்ற சொல் வந்ததும் அவளும் தடுமாறினாள்.

"அரிவாள்னு சொல்லலாமா சார்?" என்று அவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அவள் ஊரில் அரிவாள் என்றால் கதிர் அறுப்பதும் அதுதான், ஆளை அறுப்பதும் அதுதான். அவர் அரிவாள் இல்லை என்றார், ஓலை வாரும் சத்தகமும் இல்லை என்றார். இது சின்னக் கத்தி இல்லை, பெரியது என்றார். ஒவ்வொரு வார்த்தையும் குழியை இன்னும் ஆழமாக்கிக்கொண்டே போனது. ஒரே தமிழை மூன்று பேர் மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு மனிதரின் மனைவியும் குழந்தையும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் என்னை எழுப்பினார். வாள் என்று எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாரிஸில் இத்தனை வருடம் இருப்பவர், பிரெஞ்சுக் குடிமகன், ஏன் அப்படி எழுதினீர்கள் என்றார். வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. என் வேலையைச் சொன்னேன், கண்ணாடிப் பெட்டியைச் சொன்னேன், அந்தக் கத்தியின் மேல் எனக்கு இருந்த கிறுக்கைச் சொன்னேன். இவர் தோட்டக் கருவியைப் பற்றிச் சொன்னபோது என் காதில் போர்க்களம்தான் கேட்டது என்றேன். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தாறு வயது ஆணுக்கு அது வெட்கம்தான். படவேண்டிய வெட்கம் என்று பட்டுக்கொண்டேன்.

அப்போது அவர் எழுந்து நின்றார். செய்து காட்டலாமா என்று அந்தப் பெண் மூலம் கேட்டார். தலைவர் தலையசைத்தார். அவர் திரும்பி என் குடையை வாங்கினார். அதைத் தலைகீழாகப் பிடித்தார். கூர்முனைப் பக்கம் இரண்டு கையிலும், வளைந்த கைப்பிடி கீழே தரையை நோக்கி. இடது காலை முன்னால் வைத்து, இடுப்பை மடக்கி, ஒரு வீச்சு.

நான் அந்தக் கத்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியவன். அதை ஓங்கி அடிப்பார்கள், கோடரி மாதிரி இறக்குவார்கள் என்றே நம்பியிருந்தேன். அவர் அடிக்கவில்லை. வளைவு பற்றையின் பின்னால் போய் விழுந்ததும், உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து ஒரே இழுப்பாக இழுத்தார். அந்த இழுப்பில்தான் வெட்டு இருந்தது. கூர் ஏன் உள்பக்கம் என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. பிடியில் ஒரு கை நிலையாக நிற்க, மற்றது வழுக்கி வந்து சேர்ந்தது. வெட்டியதைக் காலால் ஒதுக்கினார், அடுத்த அடி வைத்தார், மறுபடி வீசினார். மெலிந்த மனிதர், பாத்திரம் கழுவிக் கழுவித் தோல் வெளுத்த கை. அந்தக் கைக்குள் இவ்வளவு இருந்ததா என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அறையில் இல்லாத முட்பற்றை எங்கள் கண் முன்னால் சரிந்துகொண்டே வந்தது.

மேடையில் இருந்த உறுப்பினர் ஒருவர், வயதானவர், அதுவரை வாயே திறக்காதவர், கையைத் தட்டினார். இது க்ருவாசான், எங்கள் அப்பா வேலி வெட்ட வைத்திருந்தார் என்றார். பிறைபோல வளைந்து நீளப் பிடி போட்ட வேலிக்கத்திக்குப் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் அந்தப் பெயர் உண்டு. எனக்கே அன்றுதான் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, க்ருவாசான் என்று அப்படியே சொல்லிவிட்டாள். இவருக்குத் தெரிந்த க்ருவாசான் உணவகத்தில் காலையில் தட்டில் வரும் பிறை வடிவ ரொட்டி மட்டும்தான்.

"இல்லை, நான் இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்று மரியாதையாகச் சொன்னார்.

அது பிரெஞ்சுக்குப் போனதும் மேடை சிரித்தது. வக்கீல் சிரித்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. வேலையைப் பாதியில் விட்டவர் போல மறுபடி குனிந்தார். இரண்டு வீச்சு வீசிவிட்டு நிறுத்தினார். இந்தக் கத்தியோடு நிற்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நிற்கக்கூடாது, தள்ளித்தான் நிற்கவேண்டும் என்று விளக்கினார். பிறகு எழுத்தர் உட்கார்ந்திருந்த மேசையைக் கையால் காட்டினார்.

"தம்பி அங்கை நிண்டவன்."

எழுத்தர் தன்னை அறியாமல் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அதை அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். தலைவர் கோப்பை மூடிவிட்டு, விசாரணை முடிந்தது என்றார்.

முடிவு கடிதத்தில் வந்தது. நிராகரிப்பை ரத்து செய்து, அகதி என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் நான் அதைச் சத்தமாக வாசித்தேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, எதையும் அழகாக்காமல். அவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவருக்கு லீவு கிடைத்த ஒரு நாளில், அந்தக் கத்தியைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார். பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். என்னிடம் வழக்கமான கதை தயாராக இருந்தது. தானுபே, தாசியர், ரோமாபுரி எல்லாம். அவர் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, அலகின் உள்பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். இந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது பாருங்கள், திரும்பத் திரும்பக் கல்லில் தீட்டினால்தான் இப்படித் தேயும், வருசக்கணக்கில் மரம் வெட்டிய கத்தி இது என்றார். எத்தனையோ பேராசிரியர்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசி நான் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அந்தத் தேய்மானத்தைப் பற்றிச் சொன்னதில்லை. சண்டைக்கென்று செய்யப்பட்டது என்று நான் கும்பிட்டு வந்த பொருளை யாரோ ஒருவன் தோட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

பக்கத்தில் இருந்த தலைக்கவசத்தையும், அதன் மேல் குறுக்கே அடித்திருந்த இரும்புப் பட்டைகளையும் பார்த்தார். எதற்கு இது என்று கேட்டார். இந்தக் கத்திக்குப் பயந்து அடித்தது என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

மாலையில் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். லா சப்பல் நிலையத்தில் இறங்கி, மேலே மெட்ரோ ஓடும் இரும்புப் பாலத்தின் அடியில் நின்றோம். அவர் ஸ்டாலின்கிராட் பக்கம் போகவேண்டும், நான் வீட்டுக்கு. பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த கேள்வியை அப்போது கேட்டுவிட்டேன். அந்தக் காட்டுக்கத்தி உண்மையிலேயே இரும்புத் தொப்பியைப் பிளக்குமா என்று கேட்டேன். கேட்டு முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு நடந்த பிறகும் என் கிறுக்கு தெளியவில்லை பாருங்கள்.

தலைக்கு மேலே ரயில் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"பிளக்கும், அண்ணை. தம்பியை எடுத்து எரிச்ச அடுத்த நாள், ஒரு ஆமிப் பெடியன் தனிய எங்கடை வேலியோடை வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவன். என்ரை கையிலை கத்தி இருந்தது. அந்தத் தொப்பி நிக்காதெண்டு என்ரை கைக்குத் தெரிஞ்சுது. அவன் போகுமட்டும் நான் மூச்சு விடேல்லை. பிறகு ரெண்டு கத்தியையும் கிணத்துக்கை போட்டிட்டு அண்டைக்கே வெளிக்கிட்டனான்."

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவை நான் என்ன செய்தனான் எண்டுதானே கேட்டவை" என்றார்.